ஊருக்குப் போன பணத்துக்கு நான் எழுதிய கணக்கு

தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். அன்று பேர் கூப்பிட்டு முடிந்தும் நான் நோட்டுப் புத்தகத்தை மூடவில்லை. முதல்நாள் மழையில் களம் சேறாகிக் கிடந்தது. புகைக்கூடத்திலிருந்து ரப்பர் பால் காயும் புளித்த வாடை வந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் நில்லுங்கள். ஒவ்வொருவரும் ஊருக்கு மாதம் எவ்வளவு பணம் அனுப்புகிறீர்கள்? வரிசையாகச் சொல்லுங்கள்," என்றேன்.

பின்வரிசையில் ஒருவர், "கிராணி ஐயாவுக்கு ரெண்டு பொண்ணு இருக்குல்ல, இப்பவே மாப்பிள்ளை தேட ஆரம்பிச்சிட்டாரு," என்றார். களமே சிரித்தது. தோட்டத்துக் கணக்கு எழுதுகிறவரைக் கிராணி என்பது வழக்கம். அந்தக் கிராணி நான்தான்.

பாக்கியம் என்ற பால்வெட்டுக்காரப் பெண் இடுப்பில் வாளியை இடுக்கியபடி சொன்னாள்: "எம் புருசன் கள்ளுக்கடைக்கு அனுப்புறதைக் கேளுங்கய்யா. அது மாசா மாசம் தவறாமப் போகுது."

இன்னொருவர், "எனக்கு அம்பது வெள்ளின்னு போட்டுக்குங்க," என்றார். அவருடைய சம்பளத்தை எழுதுகிறவனே நான். ஐம்பது வெள்ளியை, அதாவது ஐம்பது மலாயா டாலரை, அவர் ஒரு மாதத்தில் கண்ணால் கண்டதே கிடையாது. அவருக்கு அடுத்தவர் ஒன்றுமே அனுப்புவதில்லை என்றார். அவர் ஊரில் நிலம் வாங்கிய செய்தி எனக்கே தெரியும்.

நாற்பது பேரைக் கேட்டு முடிப்பதற்குள் விடிந்துவிட்டது. கையில் இருந்தது கணக்கல்ல, வேடிக்கை.

எங்கிருந்து வந்த தாள்

சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதைப் படித்துவிட்டு டுரியான் துங்காலிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். அரசாங்கப் புத்தகங்களில் தோட்டத்து மக்களைப் பற்றி வரும் எண்களை நம்பலாமா என்பது அவர் கேள்வி. மற்றவற்றைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் எழுதிக் கொடுத்த ஒரு தாளைப் பற்றிச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

ரப்பர் விலை விழுந்துகொண்டிருந்த காலம் அது. மலாக்காவில் ரெம்பியாவுக்கும் அலோர் காஜாவுக்கும் நடுவே இருந்த ஒரு நடுத்தரத் தோட்டத்தில் வேலை பார்த்தேன். மேலிடத்திலிருந்து எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரு தாள் வந்தது. தொழிலாளி பேர், குடும்பம், இந்தியாவுக்கு அனுப்பிய பணம் என்று கட்டம் போட்டிருந்தது. நம்பத்தக்க விவரம் மட்டுமே வேண்டும் என்று அடியில் கோடிட்டு அச்சடித்திருந்தார்கள்.

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை அதை என் மேசையில் வைத்தார். தோட்டத் தமிழை அவர் ஆட்களை விரட்டிப் படித்தவர். "கிராணி, நெசம் வேணும். கதை வேணாம்," என்றார்.

நான் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு இங்கே வந்தவன். கணக்கில் பிழை விடாதவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர்மேல் எனக்கும் ஆசை இருந்தது.

பணம் போகும் வழிகள்

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், பணம் ஊருக்குப் போகும் வழிகளை எண்ணி முடியாது. திரும்பிப் போகிறவர்கள் மடியில் கொண்டுபோவார்கள். மலாக்கா பட்டணத்தில் செட்டியார்களின் வட்டிக்கடையான கிட்டங்கியில் கட்டினால், ஊரில் அவர்களுடைய கிட்டங்கியில் கிடைக்கும். தங்கமாகப் போகும். கப்பல் ஏறும்போது கைக்குழந்தையின் கழுத்தில் நாலு சங்கிலி தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். நாலும் நாலு வீட்டுக்குச் சேர வேண்டியவை. குழந்தை சங்கிலியைச் சப்பிக்கொண்டிருந்தது.

இதில் எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஊரைச் சொல்வானேன். என் வீட்டிலேயே இரண்டு கணக்கு இருந்தது. யாழ்ப்பாணத்தில் என் தாயாருக்கு மாதாமாதம் பணம் அனுப்புவேன். தங்கைமார் இருவர் கலியாணத்துக்கு நின்றார்கள். அனுப்பியதில் ஒரு பகுதியை மட்டுமே மனைவியிடம் சொல்வேன். அவள் எனக்குத் தெரியாமல் தன் தகப்பனாருக்கு அனுப்பிய சங்கதி பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு ஒருவர் தாளும் பென்சிலுமாக வந்து கேட்டிருந்தால், இரண்டு பேரும் நல்ல முகத்தோடு பொய் சொல்லியிருப்போம்.

அப்படிப்பட்ட நான்தான் பெரட்டுக் களத்தில் உண்மையை எதிர்பார்த்து நின்றேன்.

ரசீது

வாய்ப்பேச்சை விட்டுவிடுவோம் என்று தீர்மானித்தேன். தபால் நிலையத்தில் மணியார்டர் கட்டினால் ரசீது தருகிறார்கள். ரசீதில் பேர், தொகை, முத்திரை எல்லாம் இருக்கும். ரசீது காட்டியவர் அனுப்புகிறவர். காட்டாதவர் அனுப்பாதவர். இதைவிட நம்பத்தக்க விவரம் என்ன இருக்க முடியும்?

பத்துப் பேர் கசங்கிய சீட்டு ஒன்றிரண்டு கொண்டு வந்தார்கள். வீராசாமி மட்டும் ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொண்டு வந்தார்.

வீராசாமி பால்வெட்டுக்காரர். முப்பது முப்பத்தைந்து வயது. மனைவி அஞ்சலை. இரண்டு பிள்ளைகள், இரண்டும் இந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவை. சேலம் ஜில்லாவிலிருந்து சிறு பையனாக வந்தவர். அதிகம் பேசமாட்டார்.

ரசீதுகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். சம்பளம் போட்ட மறுநாள் தேதி, மாதம் தவறாமல். தொகையும் சிறியதல்ல.

"இவ்வளவும் உன்னுடையதா?"

"எம் பேர்லதாங்க இருக்கு."

"உன் சம்பளத்தில் எப்படி அனுப்ப முடியுது?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது ஒரு மாதிரி சமாளிச்சுக்கிறதுங்க."

சிக்கனக்காரர், ஆடு கோழி வளர்க்கிறார், அஞ்சலையும் வேலைக்கு வருகிறாள் என்று என் மனதுக்குள் நானே விடை சொல்லிக்கொண்டேன். அதற்கு மேல் கேட்கவில்லை. கட்டம் அழகாக நிரம்பிக்கொண்டிருந்தது.

துரை அந்தப் பட்டியலைப் பார்த்துத் தலையசைத்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் ரசீது உண்டு என்றேன். மற்றத் தோட்டத்துக் கிராணிமார் குத்துமதிப்பாக எழுதியிருப்பார்கள் என்று எண்ணியபோது உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

பட்டியலுக்கு வந்த வேறு வேலை

சில மாதங்களில் விலை இன்னும் விழுந்தது. ஆட்களைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எங்கள் தோட்டத்திலிருந்து எட்டுக் குடும்பங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்ப வேண்டும்.

துரை கெட்டவரல்ல. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, நான் எழுதிய பட்டியலின் நகலை எடுக்கச் சொன்னார்.

"அங்க வீடு இருக்கிறவன் போகட்டும். வீடு இல்லாதவன் போனா ரோட்டில நிப்பான். யார் அதிகம் பணம் அனுப்பினான்? அவனுக்கு அங்க வீடு இருக்கு. சரிதானே?"

சரியென்றுதான் எனக்கும் பட்டது. நானே மேலிருந்து கீழாக எட்டுப் பேரை எழுதிக் கொடுத்தேன். முதல் பேர் வீராசாமி.

அஞ்சலை பேசியது

அன்று பிற்பகல் வீராசாமியும் அஞ்சலையும் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அஞ்சலைதான் முதலில் பேசினாள்.

"ஐயா, இவரு பெரிய மிராசுதாருன்னு உங்க தாளு சொல்லுதாமே. எந்த ஊர்ல நெலம், எத்தனை காணின்னு அதுலயே போட்டிருந்தா சொல்லுங்க, போய்ப் பாத்துக்கிறோம்."

"நீ சும்மா இரு," என்றார் வீராசாமி.

"நான் எதுக்கு இருக்கணும்? ஊராம் பணத்தைச் சுமக்காதேன்னு அப்பவே சொன்னேன். கேட்டாத்தானே."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஒரு ரூபாய் அனுப்பினாலும் தபால் நிலையத்தில் குறைந்தபட்சக் கூலி ஒன்று உண்டு. பன்னிரண்டு வீடுகள் தனித்தனியாக அனுப்பினால் பன்னிரண்டு கூலி. நிரப்ப வேண்டிய பாரம் ஆங்கிலத்தில் இருக்கும். அலோர் காஜாவுக்குப் போய் வர அரை நாள் போய்விடும். ஆகவே பன்னிரண்டு வீட்டுக் காசையும் ஒரே ஆள் வாங்கி, பால் நிறுத்து முடிந்ததும் போய், தன் பேரில் ஒரே மணியார்டராகக் கட்டுவார். அது ஊரில் அவருடைய அண்ணனுக்குப் போகும். யாருக்கு எவ்வளவு என்று பின்னாலே கடிதம் போகும். அண்ணன் சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் கொண்டு போய்க் கொடுப்பார். இதற்கு முன் வேறொருவர் இப்படிச் செய்துகொண்டிருந்தார். அவர் ஊருக்குப் போனபின் வீராசாமி.

தோட்டம் முழுக்க இது தெரியும். எனக்குத்தான் தெரியாது. எனக்கும் தெரியும் என்று வீராசாமி நினைத்திருக்கிறார்.

"நான் கேட்டபோது சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"ரசீது கொண்டான்னு சொன்னீங்க, கொண்டாந்தேன். யாரு பணம்னு நீங்க கேக்கலைங்களே." குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அதுல ஆறேழு பேரு பொம்பளைங்க. புருசனுக்குத் தெரியாமத் தாயாருக்கு அனுப்புறவங்க. பெரட்டுல வச்சு எப்படிங்க சொல்றது?"

"உன் சொந்தப் பணம் எவ்வளவு?"

"ஒண்ணும் இல்லீங்க. எனக்கு அங்க அண்ணனைத் தவிர யாரு இருக்கா? அவரே சந்தையில மூட்டை தூக்குறவரு. குடிசை வாடகைக் குடிசை."

மூன்று நாள்

உடனே துரையிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு கிராணிமாரில் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். என் இளையவளுக்குக் கக்குவான் இருமல். இருமி இருமி முகம் நீலம் பாரித்து, மூச்சு திரும்பும் வரை நாங்கள் இருவரும் அசையாமல் நிற்போம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் தரும் மருந்து, இருக்கும் வீடு, அரிசி எல்லாம் என் வேலையோடு சேர்ந்தவை. பட்டியல் பிழை என்று சொல்வது நான் பிழை என்று சொல்வது.

மனைவியிடம் சொன்னேன். "வேலை போனால் பிள்ளையளைக் கொண்டு எங்கை போறது?" என்று கேட்டாள். அதே கேள்வியைத்தான் அஞ்சலையும் வேறு விதமாகக் கேட்டுவிட்டுப் போயிருந்தாள். அதை நான் மனைவியிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் மனைவியே பேச்சை எடுத்தாள். "அந்தப் பொம்பிளை இண்டைக்கும் வேலியடியிலை வந்து நிண்டவா. ஒண்டும் கேக்கேல்லை. பிள்ளையின்ரை இருமலைக் கேட்டுக்கொண்டு நிண்டிட்டுப் போட்டா."

அன்று துரையிடம் போனேன்.

நான் சொன்னதை அவர் முழுவதும் கேட்டார். "ரசீது பொய்யா?"

"ரசீது பொய்யில்லை. பணம் மற்றவர்களுடையது."

"யாரு? பேர் குடு. இவன் பேரை வெட்டிட்டு அந்தப் பேரைப் போடலாம். பேர் மாத்தலாம், எட்டு மாத்த முடியாது. எட்டு மேல போயாச்சு."

வீராசாமியிடம் திரும்பிப் போனேன். பன்னிரண்டு பேரையும் கேட்டேன்.

"எல்லாம் மனப்பாடமா இருக்குங்க," என்றார். "சொன்னா அவங்களைக் கப்பல் ஏத்துவீங்க. சொல்லாட்டி என்னைய ஏத்துவீங்க. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அப்ப எதுக்குங்க கேக்குறீங்க?" அவர் குரலில் கோபமில்லை. நான் உண்மையாகவே தெரியாமல் கேட்கிறேனா என்று பார்ப்பது போல என் முகத்தைப் பார்த்தார்.

துரையிடம் சொல்ல இன்னொன்று இருந்தது. இந்தப் பட்டியலே ஒன்றுக்கும் உதவாது, நான் செய்த முறையே தவறு, இதை வைத்து யாரையும் அனுப்பாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, ஒன்றுக்கும் உதவாத பட்டியல் எழுதுகிற கிராணி எதற்கு என்பதாக இருக்கும். பேர்கள் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். "அப்ப அது நிக்கட்டும்," என்றார் துரை. வீராசாமியின் பேர் அப்படியே நின்றது.

லாரி

தம்பின் ரயில் நிலையத்துக்குப் போக லாரி வந்தது. எட்டுக் குடும்பங்களும் ஏறின. வேலை நாள் என்பதால் வழியனுப்ப அதிகம் பேர் இல்லை. கோழியை விற்க முடியாத ஒருவர் அதைக் கூடையோடு, ஆட்களை மேற்பார்க்கும் தண்டல்காரரிடம் கொடுத்துவிட்டு, கூடையை மட்டும் திரும்பக் கேட்டார். அங்கே அப்படிப்பட்ட கூடை கிடைக்காதாம்.

நான் பேர்களைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பட்டியலைப் பிடித்துக்கொண்டு லாரிக்குப் பின்னால் நின்றேன். வீராசாமியின் பேரைப் படித்தேன். "இருக்கேங்க," என்றார், பெரட்டில் சொல்வது போலவே.

அஞ்சலை பிள்ளைகளை மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன்.

"பாப்பாவுக்கு இருமல் தேவலைங்களா?" என்று கேட்டாள்.

"பரவாயில்லை," என்றேன்.

லாரி சடக்கில், பெரிய சாலையில், ஏறித் திரும்பிப் போயிற்று. நான் அலுவலகத்துக்கு வந்து பட்டியலைக் கோப்பில் போட்டேன்.

இதை எழுதும்போது ரப்பர் விலை ஓரளவு தேறியிருக்கிறது. இளையவள் பிழைத்து வளர்ந்துவிட்டாள். மகள்கள் இருவரும் மலாக்காவில் படிக்கிறார்கள். பள்ளியிலிருந்து அவர்கள் பேர் எழுதிய எந்தத் தாள் வந்தாலும், அந்தப் பேர் எதற்காக அங்கே இருக்கிறது, யார் கைக்குப் போகும் என்று இரண்டு தடவை படித்துப் பார்க்கிறேன். மூத்தவள் சிரிக்கிறாள். "அப்பா, இது நூலகத்துச் சீட்டு," என்கிறாள்.

மறுபடியும் அதே தாள்

அந்த லாரி போன அடுத்த வருடம் அதே தாள் வந்தது. அதே கட்டங்கள், அடியில் அதே கோடு.

பெரட்டில் கேட்டேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"ஒண்ணுமில்லீங்க," என்றார் முதலில் நின்றவர். அடுத்தவரும் அதையே சொன்னார். வரிசை முழுவதும் அந்த ஒரு சொல்தான் நகர்ந்து வந்தது. போன வருடம் ஐம்பது வெள்ளி என்றவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். பாக்கியம் என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "ஒண்ணுமில்லீங்க. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். ரசீது கேட்கவில்லை. முடிந்தபோது கட்டங்களில் பூஜ்யங்கள் மட்டும் நேர்க்கோடாக நின்றன. துரை புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். விலை விழுந்த காலத்தில் யார் என்ன அனுப்புவார்கள் என்றார்.

அதை உறையிலிட்டுப் பதிவுத் தபாலில் சேர்க்க அலோர் காஜாவுக்குப் போனேன். தபால் நிலையத்துக்கு வெளியே பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். கையில் கைக்குட்டை முடிச்சு. என்னைக் கண்டு ஒதுங்குவாள் என்று நினைத்து நானே வேறு பக்கம் திரும்பினேன். அவள் நேரே வந்தாள்.

"இதை எழுதித் தர ஆள் பாத்துக்கிட்டிருந்தேங்க."

மணியார்டர் பாரம். முடிச்சை அவிழ்த்துத் தொகையைச் சொன்னாள். அது ஒரு பெண்ணின் பணமல்ல. ஒரு வீட்டின் பணமும் அல்ல. யார் யாருடையது என்று நான் கேட்கவில்லை.

"யாருக்கு?"

"வீராசாமின்னு போடுங்க. சேலம் ஜில்லா." கிராமத்தின் பேரையும் சொன்னாள்.

பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். "எப்படி இருக்கிறார்?"

"அண்ணன் குடிசைத் தாழ்வாரத்துல இருக்காங்களாம். அஞ்சலை நாத்து நடப் போகுது. நம்ம பணம் போனா இவருதான் ஊரு ஊராக் கொண்டு போய்க் கொடுக்கிறாரு. கொடுத்த வீட்டுல அன்னைக்குச் சோறு போடுறாங்களாம்."

எழுதினேன். அனுப்புகிறவர் பேருக்கான இடம் வந்தது. "உன் பேரா?"

"எம் பேரு எதுக்குங்க? ஒண்ணுமில்லைன்னு உங்ககிட்டச் சொல்லிட்டேனே."

"பிறகு யார் பேரைப் போடுவது?"

அவள் என் கக்கத்தில் இருந்த உறையைப் பார்த்தாள். "அந்தத் தாள்ல கிராணிமார் பேரும் எழுதுவாங்களா?"

"இல்லை. தொழிலாளிகள் மட்டும்தான்."

"அப்ப உங்க பேரைப் போடுங்க."

பிள்ளைகள் இருவரின் முகமும் எனக்கு முன்னே வந்தன. யாராவது கேட்டால் என்ன சொல்வது, துரைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் வழக்கம்போல மனம் ஓடியது. அவள் அவசரப்படுத்தவில்லை. முடிச்சை மறுபடி கட்டாமல் உள்ளங்கையில் விரித்தபடியே நின்றாள்.

என் பேரை எழுதினேன். பணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே இருந்தவர் எங்கள் யாழ்ப்பாணத்து மனிதர். முதலில் உறையை வாங்கி நிறுத்து முத்திரை குத்தினார். பிறகு பாரத்தை எடுத்துப் படித்தார். தொகையைப் பார்த்தார், பேரைப் பார்த்தார், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"சேலத்திலை உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"இருக்கினம்," என்றேன்.